மரணத்தோடு முடியுமா மனந்திரும்புதல்?

கடவுள் முடிவில் எல்லா மனிதரையும் மீட்டுக்கொள்வாரா என்ற கேள்வியும், இறந்தபின் ஒருவர் மனந்திரும்ப இடம் உண்டா என்ற கேள்வியும் கிறிஸ்தவ இறையியல் வரலாற்றில் பெரும்பாலும் ஒரே முடிச்சாகவே போடப்பட்டு வந்திருக்கின்றன. ஒன்றை மறுத்தவர் மற்றதையும் மறுத்துவிட்டதாகவும், ஒன்றை ஏற்றவர் மற்றதற்கும் கட்டுப்பட்டுவிட்டதாகவும் கருதப்பட்டார்கள். ஆனால் இவை இரண்டு வேறு கேள்விகள். முதலாவது முடிவைப் பற்றியது. இரண்டாவது தவணையைப் பற்றியது. மரணத்துக்கு அப்பாலும் மனந்திரும்பலாம் என்கிறவர், எல்லாரும் அப்படித் திரும்பியே தீருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்கிறவரோ, திருந்தாமலே இறந்துபோகிறவர்களை முன்னிட்டு, சாவுக்குப் பிந்தைய திருந்துதல் ஒன்றை ஏற்றே ஆகவேண்டும். ஆகவே அடித்தளமாக நிற்பது இரண்டாவது கேள்வியே. அதற்கு மேற்குலகத் திருச்சபை வழிவழியாகத் தந்துவந்த விடை, தனக்குள்ள ஆதாரம் தாங்கக்கூடியதைவிட மிக உறுதியான குரலில் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

வேதநூலில் இரு தரப்புக்கும் வசனங்கள் உண்டு. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் செம்மறிகளும் வெள்ளாடுகளும் பிரிக்கப்பட்டு, ஒரு சாரார் நித்திய வாழ்வுக்கும் மறுசாரார் நித்திய தண்டனைக்கும் போகிறார்கள். லூக்கா 16இல் செல்வனுக்கும் லாசருவுக்கும் நடுவே யாராலும் கடக்க முடியாத பெரும்பிளவு சொல்லப்படுகிறது. மனிதர் ஒருமுறை இறப்பதும் அதன்பின் நியாயத்தீர்ப்பு அடைவதும் விதிக்கப்பட்டவை என்கிறது எபிரெயர் நிருபம். மறுபுறம், ஆதாமுக்குள் எல்லாரும் சாவதுபோலக் கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்பெறுவார்கள் என்றும், முடிவில் கடவுள் எல்லாவற்றிலும் எல்லாமாக இருப்பார் என்றும் பவுல் எழுதுகிறார். பேதுருவின் முதல் நிருபமோ, கிறிஸ்து காவலில் இருந்த ஆவிகளிடம் போய்ப் பிரசங்கித்தார் என்றும், மரித்தோருக்கும் நற்செய்தி அறிவிக்கப்பட்டது என்றும் சொல்கிறது; அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் அவர் பாதாளத்தில் இறங்கினார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடப்படுவதும் இந்த நம்பிக்கையோடு தொடர்புடையதே. 'நித்தியம்' என்று பெயர்க்கப்படும் கிரேக்கச் சொல்லுக்கு முடிவற்ற காலம் என்று பொருளா, வரப்போகும் யுகத்துக்குரியது என்று பொருளா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆயினும் கிரேக்கத்தைத் தாய்மொழியாகப் பேசிய திருச்சபைத் தந்தையரே இரு பக்கமும் பிரிந்து நின்றார்கள் என்பதை நினைத்தால், அந்தச் சொல்லை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட முடியாது என்பது விளங்கும்.

எல்லாம் தன் தொடக்க நிலைக்கு மீளும் என்ற கருத்தை, அதாவது கிரேக்கர் 'அப்போக்கட்டாஸ்டாசிஸ்' என்றழைத்த முழுமீட்சியை, முதன்முதலில் விரிவான இறையியலாகக் கட்டியவர் அலெக்சாந்திரியாவின் ஒரிகன். மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய 'முதல் தத்துவங்கள்' என்ற நூலின் கிரேக்க மூலம் பெரும்பகுதி அழிந்துபோய், ரூபீனஸ் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாகவே இன்று கிடைக்கிறது. அறிவுள்ள உயிர்கள் யாவும் தம் விருப்பத்தால் கடவுளை விட்டு விலகின. அவற்றைத் திரும்ப அழைக்கும் கடவுளின் தண்டனை மருத்துவரின் கத்தியைப் போன்றது. நோய் தீர்ந்தபின் கத்திக்கு வேலையில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரிகன் இதை ஒரு கோட்பாடாக ஆணையிடவில்லை, ஆய்வுக்குரிய கருத்தாகவே முன்வைத்தார். அவருடைய அமைப்பின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது: ஆன்மாக்கள் உடலெடுக்கும் முன்பே இருந்தன என்ற ஊகத்தின்மேல் அவர் மீட்சியைக் கட்டியதால், அந்த ஊகம் மறுக்கப்பட்டபோது மீட்சியும் சேர்ந்தே சந்தேகத்துக்குள்ளாயிற்று.

அந்த ஊகத்தைக் கைவிட்டபின்னும் மீட்சியின் நம்பிக்கை நிற்கும் என்று காட்டியவர் நீசா நகர ஆயர் கிரெகோரி. 379ஆம் ஆண்டு மரணப்படுக்கையில் கிடந்த தம் தமக்கை மக்ரீனாவோடு அவர் நிகழ்த்திய உரையாடலாக அமைந்த 'ஆன்மாவும் உயிர்த்தெழுதலும்' என்ற நூலில், சாகப்போகும் அந்தப் பெண்ணே ஆசிரியையாக இருந்து தம்பியின் துயரத்துக்கும் ஐயங்களுக்கும் விடை சொல்கிறார். தீமைக்குச் சொந்தமாக இருப்பு கிடையாது. நன்மையின் குறைவே தீமை. ஆகவே கடவுளைப் போல அது எல்லையின்றி நீடிக்க இயலாது, ஒரு நாள் தீர்ந்துபோயாக வேண்டும் என்பது அவருடைய தர்க்கம். பொன்னோடு கலந்த கசடு நெருப்பில் எரிவதையும், சேறு அப்பிய கயிற்றை ஒரு சிறு துளையின் வழியாக இழுக்கும்போது சேறு வழிக்கப்படுவதையும் அவர் உவமையாக்குகிறார். கடவுள் ஆன்மாவைத் தம்மிடம் இழுப்பது அன்பினால்தான். ஆனால் தீமையோடு ஒட்டிப்போன ஆன்மாவுக்கு அந்த இழுப்பே வேதனையாகிறது. இதில் கவனிக்க வேண்டியது, வேதனை மறுக்கப்படவில்லை, அதன் நோக்கமே மாற்றிச் சொல்லப்படுகிறது என்பதாகும். திரித்துவக் கோட்பாட்டின் தூண்களில் ஒருவராக மதிக்கப்படும் கிரெகோரி இக்கருத்துக்காக எந்தச் சங்கத்தாலும் கண்டிக்கப்படவில்லை.

ஒரிகனின் பெயர் அப்படித் தப்பவில்லை. பேரரசர் ஜஸ்டினியன் 543இல் வெளியிட்ட ஆணையும், 553இல் கூடிய இரண்டாம் கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தோடு இணைத்துப் பேசப்படும் பதினைந்து கண்டனங்களும் ஒரிகனியத்தைச் சபித்தன. அந்தப் பதினைந்தும் சங்கத்தின் முறையான தீர்மானங்கள்தாமா என்பது அறிஞரிடையே வழக்காகவே இருக்கிறது. மேற்கில் வழக்கை அதற்கு முன்பே முடித்திருந்தவர் ஆயர் அகுஸ்தீன். 'கடவுளின் நகரம்' நூலின் 21ஆம் புத்தகத்தில் அவர், தண்டனைக்கு முடிவு உண்டு என்று எண்ணிய இரக்கமுள்ள கிறிஸ்தவர்களை வகைவகையாகப் பிரித்து மறுக்கிறார். வாழ்வு நித்தியமானால் அதே வாக்கியத்தில் அதே சொல்லால் குறிக்கப்படும் தண்டனையும் நித்தியமே என்பது அவருடைய வலுவான வாதம். மறுக்க வேண்டியவர்கள் இத்தனை வகையாக அவர் காலத்தில் இருந்தார்கள் என்பதே, இந்த நம்பிக்கை சில தத்துவவாதிகளின் தனிக்கருத்தாக மட்டும் இருக்கவில்லை என்பதற்குச் சான்று. ரோமப் பேரரசின் எல்லைக்கு வெளியே, சிரியாக் மொழி பேசிய கிழக்குத் திருச்சபையில், ஏழாம் நூற்றாண்டின் துறவி நினிவே ஈசாக்கு, பழிவாங்குதல் கடவுளுக்குரியதே அல்ல என்றும், நரகத்தின் வேதனை அன்புக்கு எதிராகச் செய்த பாவத்தின் வேதனையே என்றும், அதன் முடிவில் கடவுளின் கருணைச் செயல் ஒன்று காத்திருக்கிறது என்றும் எழுதினார். அவருடைய எழுத்துகளின் இரண்டாம் பாகம் 1983இல்தான் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துச் சுவடி ஒன்றில் செபாஸ்டியன் புரோக் என்ற அறிஞரால் அடையாளம் காணப்பட்டது. ஆதலால் மேற்குலகம் இவ்வழக்கை நடத்திய நூற்றாண்டுகள் முழுவதும் மிக முக்கியமான சாட்சி ஒருவரின் வாக்குமூலம் முழுமையாகக் கேட்கப்படாமலே போயிற்று.

இனி, மரணம் ஏன் மனந்திரும்புதலின் எல்லையாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வரலாம். வானதூதருக்கு வீழ்ச்சி எப்படியோ அப்படியே மனிதருக்கு மரணம் என்றார் எட்டாம் நூற்றாண்டின் தமஸ்கு யோவான். அதன்பின் திரும்புதல் இல்லை என்பது பொருள். இதற்குத் தத்துவ விளக்கம் தந்தவர் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். மனிதரின் விருப்பம் மாறிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உடல். பசியும் உணர்ச்சியும் புலன் அனுபவமும் மாறுவதால் மனிதர் எதைத் தம் இறுதி நன்மையாகக் கொள்கிறார் என்பதும் மாறுகிறது. உடலை விட்டுப் பிரிந்த ஆன்மாவுக்கு அந்த மாற்றங்கள் இல்லை. எனவே சாகும் நொடியில் விருப்பம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே உறைந்துவிடுகிறது. கூர்மையான விளக்கம்தான், ஆனால் இதைச் சற்று அழுத்திப் பார்த்தால் விரிசல் தெரிகிறது. கிறிஸ்தவ நம்பிக்கையின்படி உயிர்த்தெழுதலில் ஆன்மா மறுபடி உடலைப் பெறுகிறது. உடலின்மையே மாற்றத்துக்குத் தடை என்றால் உடல் திரும்பும்போது தடை விலக வேண்டும். அக்குவினாஸ் இதை முன்னறிந்து, அப்போது உடல் ஆன்மாவின் நிலைக்கே கட்டுப்பட்டிருக்கும் என்று விடை சொல்கிறார். ஆனால் அந்த விடை நிறுவ வேண்டியதையே முன்கூட்டி எடுத்துக்கொள்கிறது. அதைவிடக் கனமான இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. ஒரு மனிதரின் சாவு எப்போது நேர்கிறது என்பது அவருடைய நற்குணத்தையோ தீக்குணத்தையோ சார்ந்ததாகத் தெரிவதில்லை. காய்ச்சலும் போரும் கடல்விபத்தும் குறுக்கிடும் தருணத்தில் விருப்பம் எந்த நிலையில் இருந்ததோ அதுவே முடிவற்ற காலத்துக்கும் அவருடைய உண்மையான முகம் என்று கொள்வது, தலைமயிரையும் எண்ணி வைத்திருக்கும் கடவுளைப் பற்றிய போதனையோடு பொருந்துவது கடினம்.

வேண்டுதலில் திருச்சபை கோட்பாட்டைவிடத் துணிவாகவே நடந்துகொண்டிருக்கிறது. 203இல் கார்த்தேஜ் நகரில் இரத்தசாட்சியாக மரித்த பெர்பெத்துவா என்ற இளம்பெண்ணின் சிறைக்குறிப்புகள், கிறிஸ்தவ உலகில் ஒரு பெண் தன் கையால் எழுதியவற்றுள் மிகப் பழையவை. முகத்தில் புற்றுநோய் கண்டு ஏழு வயதில் இறந்த தன் தம்பி தீனோக்கிராத்தேசை அவர் காட்சியில் காண்கிறார்: இருண்ட இடத்திலிருந்து தாகத்தோடு வெளியே வரும் சிறுவன் தண்ணீர்த்தொட்டி ஒன்றை அடைகிறான், தொட்டியின் விளிம்போ அவன் உயரத்துக்கு எட்டவில்லை. பெர்பெத்துவா இரவும் பகலும் அவனுக்காக அழுது மன்றாடுகிறார். சில நாட்களுக்குப்பின் காணும் காட்சியில் தொட்டியின் விளிம்பு அவன் இடுப்பளவுக்குத் தாழ்ந்திருக்கிறது, முகத்துப் புண் தழும்பாகியிருக்கிறது, அவன் குடித்துத் தாகம் தீர்ந்து சிறுபிள்ளைகளைப் போல விளையாடப் போகிறான். ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவருக்கு மீட்பில்லை என்று வாதிட்ட அகுஸ்தீனுக்கு இக்குறிப்பு பெரும் இடைஞ்சலாயிற்று. சிறுவன் ஞானஸ்நானம் பெற்றபின் ஏதோ பாவம் செய்திருக்கலாம் என்று, மூலத்தில் இல்லாத செய்தி ஒன்றை அவர் ஊகிக்க வேண்டியதாயிற்று. இதே நெருக்கடி அக்குவினாசுக்கும் நேர்ந்தது. பெரிய கிரெகோரி என்ற போப்பாண்டவர் மன்றாடியதால் புறமதப் பேரரசர் திராஜன் நரகத்திலிருந்து விடுவிக்கப்பட்டார் என்ற புகழ்பெற்ற மரபுக்கதையை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. திராஜன் மறுபடி உடலோடு உயிர்பெற்று, அப்படி வாழ்ந்தபோது மனந்திரும்பியிருக்கலாம் என்று விளக்கினார். விதியைக் காப்பாற்ற ஒரு மனிதரைச் சாவிலிருந்தே திருப்பிக்கொண்டுவர வேண்டியிருந்தது என்பது, விதியின்மேலும் மன்றாட்டின்மேலும் ஒரே சமயத்தில் பெருமதிப்பு வைத்திருந்த ஓர் அறிஞரின் தவிப்பைக் காட்டுகிறது.

சீர்திருத்த இயக்கம் இந்தத் தவிப்பைத் தணிக்கவில்லை, கூர்மையாக்கியது. உத்தரிக்கிற ஸ்தலத்தை, அதாவது மீட்புக்குரிய ஆன்மாக்கள் மரணத்துக்குப்பின் தூய்மைபெறும் நிலையைப் புரட்டஸ்தாந்தர் மறுத்தபோது, இறந்தோருக்காக மன்றாடும் வழியும் பெரும்பாலும் அடைபட்டது. 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, தண்டனைக்கு முடிவு உண்டு என்ற போதனையைக் கண்டித்தது. இங்கிலாந்துத் திருச்சபை 1553இல் வெளியிட்ட 42 கோட்பாடுகளில் கடைசியானது எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்ற கருத்தை நிராகரித்தது. பத்தாண்டுகளுக்குப்பின் அப்பட்டியல் திருத்தப்பட்டபோது அது விடப்பட்டது. மார்ட்டின் லூத்தர் 1522இல் ஹான்ஸ் பான் ரெக்கன்பர்க் என்ற பிரபுவுக்கு எழுதிய மடல் இவ்வாணைகளைவிட நேர்மையானது: விசுவாசமின்றி யாரும் மீட்படைவதில்லை என்று உறுதியாகச் சொல்லும் அவர், சாகும் வேளையிலோ செத்தபின்போ கடவுள் ஒருவருக்கு விசுவாசத்தைத் தரக்கூடும் என்பதை மறுக்கவில்லை, அப்படித் தருகிறார் என்று நிரூபிக்க முடியாது என்று மட்டுமே சொல்கிறார். நிரூபிக்க முடியாதது என்பதும் நடக்காதது என்பதும் ஒன்றல்ல என்ற இந்த வேறுபாட்டை அவருக்குப் பின்வந்தோர் அதிகம் பேணவில்லை.

இக்கேள்வி கூர்மையாக எழுந்த இடம் பல்கலைக்கழகமன்று, கிறிஸ்தவம் புதிதாகச் சென்ற நாடுகள். முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணிசெய்தபின் ஜப்பான் சென்ற பிரான்சிஸ் சவேரியார், 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய மடலில், ஜப்பானில் புதிதாக விசுவாசம் ஏற்றவர்களின் பெருந்துயரம் ஒன்றை விவரிக்கிறார். நரகத்தில் இருக்கும் தங்கள் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் மூதாதையருக்கும் தர்மத்தாலோ மன்றாட்டாலோ உதவ வழியில்லையா என்று அவர்கள் கேட்கிறார்கள். இல்லை என்ற விடையைக் கேட்டு அழுகிறார்கள். அவர்கள் அழுவதைக் கண்டு தாமும் துயருற்றதாகச் சவேரியார் ஒளிக்காமல் எழுதுகிறார். அவர் இரக்கமற்றவரல்லர். தாம் பெற்றுக்கொண்ட இறையியலில் வேறு விடை இல்லாததால் அதையே சொன்னார். ஆயினும் நற்செய்தியாக வந்த ஒன்று தங்களுக்கு முன் வாழ்ந்த அத்தனை பேருக்கும் தீர்ப்பாக மாறியதைக் கண்டு அழுதவர்களின் கேள்வியில், அந்த விடையில் இருந்ததைவிட அதிகமான கிறிஸ்தவ அன்பு இருந்தது என்று சொல்வது மிகையாகாது.

முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் அதே கேள்வி அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவர் இறையியல் கல்லூரியைப் பிளந்தது. 1807இல் வைதிகக் கால்வினியத்தைக் காக்க நிறுவப்பட்ட அக்கல்லூரியே, 1810இல் உருவான அமெரிக்கன் போர்டு என்ற மிஷனெரிச் சங்கத்தின் பிறப்பிடம். யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பணியாற்றிய டேனியல் பூவரும், 1862இல் பெரும் தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்ட மிரோன் வின்ஸ்லோவும் அங்கே பயின்றவர்கள். 1880களில் அதன் பேராசிரியர்கள், ஜெர்மானிய இறையியலாளர் ஐசக் டோர்னரைப் பின்பற்றி, கிறிஸ்துவை அறிந்து மறுத்தவரன்றி வேறு யாரும் இறுதியாகத் தண்டிக்கப்பட முடியாது என்றும், இவ்வாழ்வில் அவரை அறிய வாய்ப்பே பெறாதவருக்கு நியாயத்தீர்ப்புக்கு முன் அவ்வாய்ப்பு தரப்படும் என்று நம்ப இடமுண்டு என்றும் எழுதினார்கள். இவர்கள் எல்லாருக்கும் மீட்பு என்று போதித்தவர்கள் அல்லர். தவணையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அதுவே போதுமானதாயிருந்தது. ஐந்து பேராசிரியர்கள்மேல் விசாரணை நடந்து, 1887இல் எக்பர்ட் ஸ்மித் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். 1891இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துசெய்தது.

அமெரிக்கன் போர்டிலோ வழக்கு உயிருள்ள மனிதர்மேல் விழுந்தது. பம்பாயில் பிறந்து ஆண்டோவரில் பயின்று அகமத்நகரில் 1874முதல் பணிசெய்த ராபர்ட் ஹியூம், விடுமுறையில் நாடு திரும்பியிருந்த 1886இல், இந்த நம்பிக்கைக்கு ஆதரவாகப் பேசியதால் மறுபடி இந்தியாவுக்கு அனுப்பப்படலாமா என்பதே கேள்விக்குள்ளாகி, நீண்ட இழுபறிக்குப் பிறகே 1887இல் அவர் திரும்ப முடிந்தது. இறந்தபின்னும் வாய்ப்புண்டு என்றால் மிஷனெரி ஊழியத்தின் நரம்பே அறுந்துவிடும் என்பது எதிர்த்தரப்பின் அச்சம். அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று மனந்திரும்புதலைத் தள்ளிப்போட இந்த நம்பிக்கை இடம்தரும் என்று பழைய தந்தையரும் கருதியதுண்டு. ஆனால் கிறிஸ்துவை அறிவிப்பதற்கு ஒரே காரணம் கேளாதவர் எரிவார் என்பதுதான் என்றால், அறிவிக்கப்படுபவர் யார் என்ற கேள்வியே எழுகிறது. தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அகமத்நகரிலேயே செலவிட்ட ஹியூமின் ஊழியம் அந்த வாதத்துக்கு நேரடியான மறுப்பு.

இருபதாம் நூற்றாண்டில் விவாதம் மனித சுதந்திரத்தின்மேல் திரும்பியது. நரகத்தின் கதவு உள்ளிருந்தே தாழிடப்பட்டிருக்கிறது என்ற கருத்தை எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் பரப்பினார், ஆனால் உள்ளே தாழ்ப்பாள் இருக்குமானால் அதை உள்ளே இருப்பவர் என்றாவது திறக்கவும் கூடும் என்பதையும் அக்கருத்து சேர்த்தே சொல்கிறது. 2019இல் இறையியலாளர் டேவிட் பென்ட்லி ஹார்ட், நன்மையை முழுதாக அறிந்த ஒருவர் அதை என்றென்றும் மறுப்பது சுதந்திரமல்ல, பிணியே, எனவே சுதந்திரம் நிறைவடையும்போது மீட்பு நிச்சயம் என்று வாதிட்டார். கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் உர்ஸ் பான் பால்தசார் 1986இல் இதைவிடக் குறைவாகச் சொன்னார்: எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று அறிவிக்க யாருக்கும் உரிமையில்லை, ஆனால் எல்லாருக்காகவும் நம்பியிருக்கக் கடமை உண்டு. ஹார்ட்டின் தர்க்கம் வலிமையானது. எனினும் மனந்திரும்புதல் என்பது ஒருவர் தாமே செய்யும் செயல் என்பதை முன்வைத்துப் பார்த்தால், முடிவை முன்கூட்டி உறுதிசெய்யும் கோட்பாட்டைவிட, கதவு மூடப்படவில்லை என்று மட்டும் சொல்லும் நம்பிக்கையே வேதநூலின் இரு குரல்களுக்கும் நேர்மையாக இருக்கிறது.

அப்படியானால் ஒடுக்கப்பட்டவர்களுக்கு என்ன நீதி என்ற கேள்வி எஞ்சுகிறது. மீட்பின் பரப்பை விரிக்க விரும்புவோர் இதைத் தவிர்க்கக் கூடாது. கொலைசெய்தவரும் கொலையுண்டவரும் ஒரே பந்தியில் அமர்வார்கள் என்று சொல்வது, கொலையுண்டவரின் அனுமதியின்றிச் சொல்லப்பட்டால், இரண்டாம் கொடுமையாகிவிடும். மக்ரீனாவின் நெருப்பு இங்கேதான் மறுபடி தேவைப்படுகிறது. மரணத்துக்குப் பின் மனந்திரும்புதல் உண்டென்றால், அது மறதியாக இருக்க முடியாது. தான் சிதைத்த ஒவ்வொரு வாழ்வையும் அதற்குரியவரின் கண்ணால் பார்ப்பதும், அவருடைய மன்னிப்பைக் கடவுளின் மன்னிப்பைக் கொண்டு தாண்டிச் செல்லாமல் அவரிடமே கேட்டு நிற்பதும் அதில் அடங்க வேண்டும். அந்த நிலையின் வேதனையை நரகம் என்று அழைப்பதில் தவறில்லை. மன்னிக்க மறுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டா, உண்டென்றால் கடவுளின் கருணை எவ்வளவு காலம் அவருக்காகவும் காத்திருக்கும் என்ற கேள்வியை ஒரிகனும் அகுஸ்தீனும் போதிய அளவு எடுத்துப் பேசவில்லை. இந்த நூற்றாண்டின் இறையியல் தொடங்க வேண்டிய இடம் அது.